வடிவம் தெரியாத சூத்திரம்: வால்டர் கோனும் கணினி வேதியியலும்



1998ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் இயற்பியலாளர்; மற்றவர் கணிதம் பயின்றவர். இயற்பியலாளரான வால்டர் கோன் தம் பதினேழாம் வயதுக்குப் பின் வேதியியல் வகுப்பு எதிலும் அமர்ந்தவர் அல்லர். விருப்பமின்மை அதற்குக் காரணமன்று. டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்துக்குள் கால்வைக்கவே அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. போர்க்கால ஆய்வுகள் நடந்த கட்டடம் அது; அவரோ சட்டத்தின் கண்ணில் பகைநாட்டுக் குடிமகன். அந்தப் பகைநாடுதான் அவரை யூதர் என்று சொல்லிப் பள்ளியைவிட்டு விரட்டியது என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

அவர் 1923 மார்ச் 9 அன்று வியன்னாவில் பிறந்தார். தந்தை சாலமன் கோன் கலை அஞ்சலட்டைகள் வெளியிடும் நிறுவனத்தை நடத்திவந்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியபோது நிறுவனம் பறிமுதலாயிற்று. பறித்தவர்களுக்காக அதை ஊதியமின்றி நடத்தித்தர வேண்டும் என்று பழைய உரிமையாளருக்கே ஆணையிட்டார்கள். கொடுமைக்கும் ஒரு நிருவாகத் திறமை உண்டு போலும். மகன் படித்துவந்த பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளி அவரை வெளியேற்றியது. யூதப் பள்ளியொன்று இடந்தந்தது. அங்கே இயற்பியல் கற்பித்த எமில் நோஹலும் கணிதம் கற்பித்த விக்டர் சபாத்தும் அந்த இருண்ட நாள்களில் ஒரு சிறுவனின் உள்ளத்தில் ஏற்றிவைத்த விளக்கைப் பற்றிக் கோன் தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். 1939 ஆகஸ்டில், போர் மூளச் சில வாரங்களே இருந்த நிலையில், யூதச் சிறுவர்களை மீட்டுச் சென்ற ஏற்பாட்டின்வழி அவர் இங்கிலாந்து சேர்ந்தார். பெற்றோர் வர இயலவில்லை. 1943இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்கள் 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள்.

அடைக்கலம் தந்த இங்கிலாந்தும் 1940இல் அவரைப் பகைநாட்டவர் பட்டியலில் சேர்த்துக் காவலில் வைத்துக் கனடாவுக்குக் கப்பலேற்றியது. முகாமில் மரம் வெட்டும் வேலை. நாளொன்றுக்கு இருபது சென்ட் கூலி. அந்தக் கூலியைச் சேர்த்து அவர் வாங்கியவை இரண்டு நூல்கள். ஒன்று, நம் இராமானுஜனை உலகறியச் செய்த ஹார்டியின் தூய கணித நூல். மற்றொன்று, ஸ்லேட்டர் எழுதிய வேதிய இயற்பியல் அறிமுகம். 1942 தொடக்கத்தில் விடுதலை கிடைத்தது. வேதியியல் படிக்காதவர் கணித இயற்பியல் பட்டத்துக்குத் தகுதியற்றவர் என்பது டொராண்டோவின் விதி. அங்கே கணிதத் துறைக்குத் தலைமை வகித்த சாமுவேல் பீட்டி அந்த விதியைத் தளர்த்தி அவரைச் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் உலகின் வேதியியல் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் கோனின் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டன. விலக்கி நிறுத்திய கட்டடத்தின் அடித்தளத்தையே அவர் மாற்றிவைத்தார் எனலாம்.

இனி, அவர் செய்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

தமிழில் பொருள் என்னும் சொல் பண்டத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். பொருளறிவியல் என்று இன்று வழங்கும் துறை இவ்விரண்டையும் ஒருங்கே தேடுவது. செம்பு ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது, கந்தகம் ஏன் கடத்துவதில்லை? வைரமும் பென்சிற்கரியும் ஒரே கார்பனால் ஆனவையாக இருக்க, ஒன்று கண்ணாடியை அறுப்பதும் மற்றொன்று தாளில் தேய்வதும் எதனால்? இக்கேள்விகள் அனைத்துக்கும் விடை எலெக்ட்ரான்களின் நடத்தையில் இருக்கிறது. அந்நடத்தையை ஆளும் சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926இலேயே எழுதிவிட்டார். வேதியியல் முழுவதற்கும் வேண்டிய விதிகள் தெரிந்துவிட்டன, அவற்றைப் பயன்படுத்தினால் எழும் சமன்பாடுகள் தீர்க்கமுடியாத அளவுக்குச் சிக்கலானவை என்பதொன்றே இடர் என்று 1929இல் டிராக் எழுதினார்.

அந்த இடரின் அளவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் எலெக்ட்ரானின் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: நீளம், அகலம், உயரம். ஒரு நீர் மூலக்கூறில் பத்து எலெக்ட்ரான்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் ஒன்றைத் தனியே பிரித்துப் பார்க்க இயலாது. பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆகவே முப்பது எண்களைச் சார்ந்த ஒரு பேரமைப்பு உருவாகிறது. அதற்கு அலைச்சார்பு என்று பெயர். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்துப் புள்ளிகள் மட்டும் எடுத்துக்கொண்டாலும், அலைச்சார்பைப் பட்டியலிட 1க்குப் பின் முப்பது சுழிகள் இட்ட அத்தனை எண்கள் வேண்டும். பென்சீனுக்கு வந்தால் நாற்பத்திரண்டு எலெக்ட்ரான்கள், 126 சுழிகள். கண்ணுக்கெட்டிய பேரண்டத்தில் உள்ள அணுக்களின் தொகையே ஏறத்தாழ எண்பது சுழிகள் கொண்ட எண்தான். ஒரு துளி பென்சீன்கூட அன்று, அதன் ஒரேயொரு மூலக்கூறைப் பற்றி எழுதிவைக்கவே பேரண்டம் போதாது! கோன் இதனை அடுக்குக்குறிச் சுவர் என்றார். கணினி எவ்வளவு விரைந்தாலும் இந்தச் சுவரில் முட்டி நிற்கும்.

அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆயிரம் எலெக்ட்ரான்கள் அளவுள்ள அமைப்புக்கு அலைச்சார்பு என்பது அறிவியற் கருத்தாகவே செல்லாது. போதிய துல்லியத்தோடு கணக்கிடவும் முடியாது, பதிந்துவைக்கவும் முடியாது என்று நோபெல் உரையில் வாதிட்டார். குவாண்டம் வேதியியலின் மூலவிக்கிரகத்தைப் பார்த்து, அதன் கருவறையிலேயே நின்று சொன்ன சொல் இது. ஏற்காதவர் உண்டு. ஆயினும், எழுதி முடிக்கவே இயலாத ஒன்றை அறிவு என்று கொள்ளலாமா என்னும் கேள்வியை அவர் எழுப்பியது தகும்.

1963 இலையுதிர்காலத்தில் கோன் பாரிசில் ஓய்வாண்டு விடுப்பில் இருந்தார். உலோகக் கலவைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். உலோகவியலாளர்கள், எந்த அணுவிடமிருந்து எந்த அணுவுக்கு எவ்வளவு மின்னூட்டம் பெயர்ந்தது என்று இடத்தை வைத்துப் பேசினார்கள். இயற்பியலாளர்களோ கலவை முழுவதும் பரந்து கிடக்கும் அலைகளை வைத்துப் பேசினார்கள். இவ்விரு பேச்சுக்கும் நடுவே நின்ற கோனுக்கு ஓர் ஐயம் பிறந்தது. எலெக்ட்ரான்கள் எந்த இடத்தில் எவ்வளவு செறிந்திருக்கின்றன என்ற ஒன்று மட்டும், அதாவது அடர்த்தி மட்டும் தெரிந்தால், அந்தப் பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்ததாகுமா?

அடர்த்தி மிக எளிய பண்டம். எத்தனை எலெக்ட்ரான்கள் இருந்தாலும் அதற்கு மூன்றே எண்கள். முன்சொன்ன பத்துப் புள்ளிக் கணக்கில், 126 சுழிகள் வேண்டிய பென்சீனுக்கு ஆயிரம் எண்கள் போதும். அத்தனை சிறிய ஏட்டில் அத்தனை பெரிய கதை அடங்குமா? அடங்கும் என்று பியர் ஹோஹென்பர்க்குடன் சேர்ந்து கோன் நிறுவிக்காட்டினார். கட்டுரை 1964 நவம்பரில் அச்சேறியது. மெய்ப்பிப்பு சில வரிகளே. இரு வேறு அணுக்கரு அமைப்புகள் ஒரே எலெக்ட்ரான் அடர்த்தியைத் தருவதாக வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த ஆற்றலையே இயற்கை தேர்ந்துகொள்ளும் என்ற விதியை முதல் அமைப்புக்கு ஒருமுறையும் இரண்டாம் அமைப்புக்கு ஒருமுறையும் பயன்படுத்திக் கூட்டினால், ஒரு தொகை தன்னைவிடத் தானே சிறியது என்று முடியும். அது நடவாது, ஆதலால் தொடக்கத்தில் வைத்துக்கொண்டதும் நடவாது. ஓர் அடர்த்திக்கு ஓர் அமைப்பே உண்டு.

இதைவிட எளிதாக உணரவும் வழியுண்டு. அமெரிக்க வேதியியலாளர் பிரைட் வில்சன் காட்டிய வழி அது. அடர்த்தியை ஒரு மலைத்தொடராக எண்ணிக்கொள்க. கூர்முனை எழும் இடமெல்லாம் ஓர் அணுக்கரு இருக்கிறது. முனையின் சரிவு எவ்வளவு செங்குத்தோ அதைக் கொண்டு அது ஆக்சிஜனா கார்பனா என்று சொல்லிவிடலாம். மலை முழுவதையும் நிறுத்தால் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கிட்டும். அணுக்கள் எவை, எங்கே, எலெக்ட்ரான்கள் எத்தனை என்னும் மூன்றும் தெரிந்தபின் ஷ்ரோடிங்கர் சமன்பாடு எழுதப்பட்டாயிற்று. மற்றவையெல்லாம் அதற்குள் அடக்கம். மெய்ப்பிப்பைக் காட்டிலும் இந்த விளக்கத்துக்கே கவிஞர் அவையில் கைதட்டல் கிடைக்கக்கூடும்.

ஆனால் கோனின் தேற்றத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அடர்த்தியை உள்ளிட்டால் ஆற்றலை வெளியிடும் ஒரு சூத்திரம் உண்டு என்று அது உறுதி கூறுகிறது. உலகின் எல்லா மூலக்கூறுகளுக்கும், எல்லா உலோகங்களுக்கும், கல்லுக்கும் உயிர்க்கும் பொதுவான ஒரே சூத்திரம். இதனைச் சார்பியம் என்பர். கோட்பாட்டுக்கும் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு என்று பெயர். அந்தச் சூத்திரம் எப்படி இருக்கும் என்று தேற்றம் சொல்லவில்லை. பெட்டகம் உண்டு, பூட்டு உண்டு, திறவுகோலும் உண்டு. திறவுகோலின் வடிவம் மட்டும் எவருக்கும் தெரியாது. அடர்த்தியைக் கொண்டு கணக்கிடலாம் என்று 1927இலேயே தாமசும் ஃபெர்மியும் முயன்றதுண்டு. அவர்கள் முறையை அப்படியே பின்பற்றினால் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து மூலக்கூறே ஆகமாட்டா. பிணைப்பையே மறுக்கும் ஒரு முறையை வேதியியலார் எப்படி ஏற்பர்?

1965இல் கோனும் ஹாங்காங்கில் பிறந்த லூ ஜூ ஷாமும் ஒரு நடைமுறை வழி கண்டார்கள். ஒன்றோடொன்று மோதிப் பிணங்கும் உண்மையான எலெக்ட்ரான்களுக்குப் பதிலாக, ஒன்றையொன்று அறியாத கற்பனை எலெக்ட்ரான்களை வைத்தார்கள். அந்தக் கற்பனைக் கூட்டமும் உண்மைக் கூட்டத்தின் அதே அடர்த்தியைத் தருமாறு அதற்கு ஒரு புலத்தை அமைத்தார்கள். ஓர் அடர்த்தியை ஊகித்துப் புலத்தைக் கணக்கிடுவது, அந்தப் புலத்திலிருந்து புதிய அடர்த்தியைப் பெறுவது, இரண்டும் வேறுபட்டால் மீண்டும் தொடங்குவது, இரண்டும் ஒத்துவரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பது என்பதே முறை. எழுதியதைத் திருத்தித் திருத்தி எழுதும் கவிஞர்க்கு இது புதிதன்று. எங்கே நிறுத்துவது என்பது கணினிக்குத் தெரியும் என்பதே வேற்றுமை.

இந்த ஏற்பாட்டில் ஆற்றலின் பெரும்பகுதி துல்லியமாகக் கணக்கில் வந்துவிடுகிறது. அறியாத பகுதி மிகச் சிறிதாகச் சுருங்கி ஒரு மூலையில் ஒதுங்குகிறது. ஆனால் அணுவை அணுவோடு பிணைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு அந்த மூலையில்தான் இருக்கிறது. அதற்குக் கோனும் ஷாமும் கையாண்ட தோராயத்தை விளக்கப் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியே போதும். எலெக்ட்ரான்கள் சீராகப் பரவிய ஒரு கற்பனைக் கடலில் ஒவ்வோர் அடர்த்திக்கும் ஆற்றல் என்ன என்பதைக் கணக்கிட்டுவிடலாம். உண்மைப் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கடலின் ஒரு துளியை வைத்துக் கூட்டினார்கள். சீராக வெந்த சோற்றுக்குப் பழமொழி பொருந்தும். மூலக்கூறோ ஓரிடத்தில் குழைந்தும் ஓரிடத்தில் அரைவேக்காடாகவும் இருக்கும் பானை. ஆகவே முறை தோற்கும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. எதிர்பார்ப்புக்கு மாறாகப் பல திண்மங்களுக்கு அது வியக்கத்தக்க அளவு சரியாக வந்தது. இதை ஒட்டிய தோராயம் ஒன்றை 1951இலேயே முன்வைத்தவர் யாரெனில், முகாமில் இருபது சென்ட் கூலியில் வாங்கிய அந்த நூலின் ஆசிரியர் ஸ்லேட்டர்.

திண்ம இயற்பியலார் உடனே கைக்கொண்டார்கள். வேதியியலார் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் பழைமைப்பற்று என்று தள்ளிவிடலாகாது. வேதிவினை ஒன்றின் போக்கைச் சொல்ல வேண்டுமானால் மிகச் சிறிய ஆற்றல் வேறுபாடுகள் துல்லியமாக வேண்டும். சோற்றுப் பதம் அதற்குப் போதவில்லை. மேலும், பரிசின் மறுபாதியைப் பெற்ற ஜான் போப்பில் வேறொரு பாதையைச் செப்பனிட்டு வைத்திருந்தார். அலைச்சார்பைப் படிப்படியாகத் திருத்திச் செல்லும் பாதை அது. காசியன் 70 என்னும் கணினி நிரலாக அதை அவர் வெளியிட்டதால், கணிதத்தில் தேறாத வேதியியலாரும் கணக்கிட முடிந்தது. அப்பாதையில் அடுத்த படி எது என்பது எப்போதும் தெரியும். ஏறுவதற்கான செலவுதான் தாளாது. கோனின் பாதையில் செலவு குறைவு. அடுத்த படி எங்கே என்பதுதான் தெரியாது. 1980களின் பிற்பகுதியில் பெக்கேயும், லீ, யாங், பார் ஆகிய மூவரும் அடர்த்தியோடு அது மாறும் விரைவையும் கணக்கில் கொண்ட புதிய தோராயங்களைத் தந்தார்கள். 1990களில் போப்பிலே தம் நிரலில் அவற்றைச் சேர்த்துக்கொண்டார். எதிர்ப்பாதைக்குத் தம் வாயிலைத் திறந்துவிட்ட அவரது பெருந்தன்மை போதிய அளவு பேசப்படவில்லை. 2014இல் நேச்சர் இதழ், அறிவியல் முழுவதிலும் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்ற நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது பன்னிரண்டு இக்கோட்பாட்டைச் சார்ந்தவையாக இருந்தன.

மேற்சொன்ன மூவரில் ராபர்ட் பாரைப் பற்றிச் சொல்லரிடம் சிறப்பாகச் சொல்ல வேண்டும். மின்கவர்தன்மை, கடினத்தன்மை என்று வேதியியலார் நெடுங்காலமாகப் புழங்கிவந்த சொற்கள் உண்டு. குளோரின் எலெக்ட்ரானை இழுக்கும், சோடியம் விட்டுக்கொடுக்கும் என்று பட்டறிவால் சொல்லும் கைவினைச் சொற்கள் அவை. ‘இச்சொற்களுக்கு வரையறை ஏது?’ என்று இயற்பியலார் ஏளனம் செய்ததுண்டு. பாரும் அவர் தோழர்களும் 1978இல் மின்கவர்தன்மை என்பது அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டுக்குள் துல்லியமாக வரையறுக்கத்தக்க ஓர் அளவு என்று காட்டினார்கள். 1983இல் பியர்சனோடு சேர்ந்து கடினத்தன்மைக்கும் அவ்வாறே செய்தார் பார். வழக்கில் இருந்த சொல் முன்னே சென்றது. இலக்கணம் பின்னே வந்து சேர்ந்தது.

இம்முறையால் கிட்டிய பயன்கள் பல. சிலிக்கனை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தினால் அது வேறொரு படிக வடிவம் கொண்டு, மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகும் என்று பெர்க்லியில் மார்வின் கோகனின் குழு 1980களில் கணக்கிட்டுச் சொன்னது. சோதனை அதை மெய்யாக்கியது. நிலத்தின் அடியில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எந்த வடிவில் இருக்கும் என்பதை 2004இல் சோதனையும் கணக்கும் கைகோத்துக் கண்டறிந்தன. எவரும் சென்று காணமுடியாத இடத்துக்கு மூன்று எண்களின் அடர்த்தி சென்று வந்தது.

பிழைகளும் உண்டு. அவற்றை மறைத்துப் புகழ்வது கோனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பென்சிற்கரியின் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கும் மெல்லிய வான்டர்வால்ஸ் ஈர்ப்பை வழக்கமான தோராயங்கள் சரிவரக் காண்பதில்லை. தொலைவில் இருக்கும் இரண்டு ஒன்றையொன்று உணர்வது இடத்துக்கு இடம் பதம் பார்க்கும் முறைக்குப் புலப்படாது. கோபால்ட் ஆக்சைடு மின்கடத்தாப் பொருள். பழைய தோராயம் அதை உலோகம் என்று சாதித்தது. சிலிக்கனில் எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளியைப் பாதியளவாகவே காட்டியது. இவை கோட்பாட்டின் பிழைகள் அல்ல; தெரியாத சூத்திரத்துக்கு மாற்றாக வைத்த தோராயங்களின் பிழைகள். ஜான் பெர்டியூ 2001இல் இத்தோராயங்களை விவிலியத்து யாக்கோபின் ஏணிக்கு ஒப்பிட்டார். சோற்றுப் பதம் முதற்படி. ஒவ்வொரு படிக்கும் நுட்பமும் செலவும் கூடும். உச்சியில் துல்லியம் என்னும் வானுலகம். 2021இல் இயந்திரக் கற்றல்வழி பயிற்றப்பட்ட ஒரு சார்பியமும் வெளிவந்தது. பழைய தோராயங்கள் சறுக்கிய சில இடங்களில் அது சறுக்கவில்லை. ஆயினும் அதுவும் ஒரு தோராயமே.

கோன் தம் முதுமையில் அணுவாயுத எதிர்ப்பிலும் சூரிய ஆற்றலைப் பரப்புவதிலும் பெரிதும் ஈடுபட்டார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அணுவாயுத ஆய்வுக்கூடங்களை நிருவகிக்கலாகாது என்று அதன் பேராசிரியராக இருந்துகொண்டே வாதாடினார். சூரிய ஆற்றலின் வரலாற்றைச் சொல்லும் படமொன்றை ஆலன் ஹீகருடன் சேர்ந்து உருவாக்கினார். 2016 ஏப்ரல் 19 அன்று தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.

அந்தச் சூரிய ஆற்றல் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. 2009க்குப் பின் சூரிய மின்கலங்களுக்கென ஆராயப்படும் பெரோவ்ஸ்கைட்டு வகைப் பொருள்களில் ஈயமும் அயோடினும் சேர்ந்த ஒன்று பெயர்பெற்றது. அதன் ஆற்றல் இடைவெளி, சோதனையில் ஏறத்தாழ 1.6 எலெக்ட்ரான் வோல்ட். சாதாரணத் தோராயத்தைக் கொண்டு கணக்கிட்டவர்களுக்கும் அதே விடை வந்தது; மகிழ்ந்தார்கள். பின்னர் ஆராய்ந்ததில், தோராயம் இடைவெளியைக் குறைத்துக் காட்டுவது ஒரு பிழை. ஈயம் போன்ற கன அணுக்களுக்கு விட்டுவிடக் கூடாத சார்பியல் விளைவொன்றை விட்டுவிட்டது, இடைவெளியைக் கூட்டிக்காட்டும் இன்னொரு பிழை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் விடை சரியாக நின்றது. விட்டதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது விடை ஏறத்தாழ ஒரு எலெக்ட்ரான் வோல்ட் சரிந்து சோதனையிலிருந்து வெகுதூரம் விலகியது. இரு பிழைகளையும் தனித்தனியே திருத்தும் செலவுமிக்க முறைகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டார்கள். மறுபடியும் சோதனையை ஒட்டிய அதே விடைக்கே வந்து சேர்ந்தார்கள்; இம்முறை தக்க காரணத்தோடு.